கடுப்பு

ஏழு ஐம்பது வண்டி
பொதட்டூர்பேட்டையில் ஏறினால் நகரியில் இறங்கலாம்.
எனக்கு அது மூன்று கழிப்பறைகளின் தூரம்.
ஒன்று பெட்ரோல் பங்க்கில். பூட்டியிருக்கும்.
சாவி கேட்டால் ஐந்து ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.
ஒன்று கல்யாண மண்டபத்தில், முகூர்த்த நாளில் மட்டும்.
மூன்றாவது, நான் கணக்கெழுதும் நூல்கடைக்குப் பின்னால்,
தண்ணீர் வந்தால்.

பதினோரு வருடம்.
குழாய் விட்டுப் பார்த்தார்கள்,
ஸ்கேனில் பார்த்தார்கள்,
எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்த தாளைக்
கைப்பையில் வைத்துக்கொண்டே
ஓடும் வண்டியை நிறுத்தச் சொல்லி
கருவேல மரத்துக்குப் பின்னால் போயிருக்கிறேன்.

நம்மூரில் கடுப்பு என்றால் வலி, எரிச்சல்,
மாமியார் மேல் வருவது.
ஒற்றை விட்டுச் சொன்னால் தெலுங்கில் வயிறு.
அதையே இன்னொரு மாதிரி கேட்டால் கர்ப்பம்.
நான் நாலாம் தடவை பின்பக்கம் போய் வந்தபோது
நிர்மலம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படித்தான் கேட்டாள்.
நாற்பத்தொரு வயதில்
நூல்கட்டுகளின் நடுவே நின்று
இல்லை என்றேன், இரண்டு மொழியிலும்.

திருப்பதி டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார்.
ஆறு வாரம்
வெங்காயம் கூடாது பூண்டு கூடாது
பால் கோதுமை துவரம்பருப்பு கூடாது, ஆப்பிள் கூடாது.
(ஆப்பிளை நான் கடைசியாகத் தின்றது
தேசப்பனுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் நடந்தபோது,
அவரைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தது.)
அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து
மூன்று நாள் பார்க்க வேண்டும்,
யார் குற்றவாளி என்று.

பழைய பேரேட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டேன்.
வரவு: சாதம், கேரட், முட்டை.
செலவு: அதை இங்கே எழுத முடியாது.
வரவு: சாதம், பீர்க்கங்காய், முட்டை.
வரவு: சாதம்.

பதினோரு மணிக்குப் பக்கத்துத் தறிக்கூடத்தில்
யாரோ வெங்காயம் வதக்குவார்கள்.
எண்பது தறி ஓடும் சத்தத்தைத் தாண்டி
அந்த வாசனை வந்து சேரும்.
நிர்மலம்மா கோங்குராவுக்குப் பச்சை வெங்காயம் கடிப்பவள்.
எனக்காகச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.
அவள் முதுகு மெல்வதைப் பார்த்தபடி
நான் கேரட்டை விழுங்கினேன்.

பெருங்காயம் போடு, வாய்வு இறங்கும்.
இதைச் சொல்லாத மனிதர் எல்லைக்கு இருபுறமும் இல்லை.
தேசப்பன் சொல்லமாட்டார், போட்டுவிடுவார்,
என் ரசத்தில் ஒரு கரண்டி நுனி கூடுதலாக.
நாலாம் வாரம் கரண்ட் போன இரவில்
டார்ச் அடித்து டப்பாவின் அடியில் படித்தேன்.
எறும்பு சைஸ் எழுத்து:
கோதுமை மாவு.

சிரிப்பு வந்துவிட்டது.
அவர் கரண்டியோடு நின்றார்,
டார்ச் வெளிச்சத்தில் திருடன் மாதிரி.

டப்பா குப்பைக்குப் போனது.
மூன்று நாள் சத்தமே இல்லை.
பெட்ரோல் பங்க் தாண்டியதுகூடத் தெரியாமல்
ஜன்னலோரம் தூங்கினேன்.
நாலாம் நாள் மண்டபத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டது.
முகூர்த்தம் இல்லாத நாள்.
பெருங்காயம் மேல் போட்ட பழியை
எந்தப் பக்கம் எழுதுவது?

இன்று ஆறு வாரம் முடிந்தது.
மதியம் நிர்மலம்மாவைத் திரும்பி உட்காரச் சொன்னேன்.
அவள் வெங்காயத்தில் கால் பங்கு,
உப்புத் தொட்டு, பச்சையாக.
கண் எரிந்தது. அவளுக்கும்தான்.

வரவில் எழுதியாயிற்று.
செலவுப் பக்கம் காலியாக இருக்கிறது,
மணி ஐந்தரை,
ஆறு பத்து வண்டி இன்னும் வரவில்லை.